பதினேழாம் எண்ணின் மூன்றாவது கால்

பிப்ரவரி 6

அன்புள்ள சித்திக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌகரியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்கச் சொன்னாள் அம்மா. இரண்டுக்கும் ஒரே பதில் வராது என்பது அவள் சந்தேகம்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பொறியியல் துறையும் சமூகவியல் துறையும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி நடத்துகின்றன. சாலையைக் கடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பதுதான் கேள்வி. இப்போது சாலையின் அகலத்தை ஒரு மனிதனின் நடை வேகத்தால் வகுத்து முடிவு செய்கிறார்கள். அந்த மனிதன் யார் என்று பழைய கட்டுரைகளில் தேடிப் பார்த்தேன். நல்ல திடகாத்திரமானவன், கையில் பை கிடையாது, யாரோடும் பேசுவதில்லை, எங்கேயும் நின்று மூச்சு வாங்குவதில்லை. அப்படி ஒருவனை எனக்கு நேரில் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் குடியிருப்பின் முன்னால் ஓடுகிற பெரிய சாலையின் சிக்னலை மாற்றப் போகிறார்கள். எத்தனை விநாடி வைப்பது என்று எங்கள் குழுதான் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய முப்பது பேர் கிடைத்தால் போதும். உங்கள் காலை உடற்பயிற்சி வகுப்பிலிருந்து பிடித்துக் கொடுப்பீர்களா? கார் நிறுத்துமிடத்தில் கோடு போட்டு நடக்கச் சொல்லி, கேமராவில் பதிவு செய்வோம். சொந்தக்காரி என்பதால் அளவெடுக்கும்போது நான் வரக்கூடாது. என் சகா ஒருத்தி வருவாள். பெயர்களும் அவளிடம்தான் இருக்கும். எனக்கு ஆளுக்கொரு எண் மட்டுமே தெரியும்.

பள்ளி ஓட்டப் பந்தயம் ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்து விளையாட்டு டீச்சரின் மானத்தை வாங்கிய,
உங்கள் ஆமை

பி.கு. போன வருஷம் போட்ட ஒப்பந்தத்தை நினைவுபடுத்தச் சொன்னாள் அம்மா. ஒரு தடவை விழுந்தாலும் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட வேண்டும்.


பிப்ரவரி 15

அன்புள்ள ஆமைக்கு,

நான் நலம். முழங்காலும் நலம். தனித்தனியாக எழுதியிருக்கிறேன், உன் அம்மாவிடம் காட்டு. அவளுடைய இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று அவளும் எழுதட்டும்.

போனில் கேட்காமல் கடிதம் போட்டதற்கு உனக்கு ஒரு சபாஷ். போனில் பேசினால் பாதியிலேயே "சரி சித்தி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

முப்பது பேரும் கிடைத்துவிட்டார்கள். லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், எவரும் தப்பவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர்தான் முதலில் முறுக்கிக்கொண்டார். "ஊர் முழுக்க நடந்த கால் டீச்சர் இது. இதுக்குப் பரீட்சையா?" என்றார். இரண்டாம் மாடி வக்கீலம்மா உங்கள் ஒப்புதல் தாளை வரிவரியாகப் படித்துவிட்டு, "எப்ப வேணாலும் விலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம்னு போட்டிருக்கு. இந்த மாதிரி ஒரு நிபந்தனை என் கல்யாணத்துலகூட இல்லை. கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அந்தச் சாலையைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். மருந்துக் கடை, டாக்டர், பூங்கா, தபால் நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். பச்சை மனிதன் வந்தான் என்று இறங்கினால், நாம் நடுவில் இருக்கிற டிவைடரை எட்டுவதற்குள் சிமிட்ட ஆரம்பித்துவிடுகிறான். வண்டிக்காரர்கள் உறுமிக்கொண்டு நிற்பார்கள். இதைச் சரிசெய்ய ஒருத்தி படிக்கிறாள், அவள் என் அக்கா மகள் என்றால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நீ கவலையில்லாமல் இரு. முப்பத்தைந்து வருஷம் மைதானத்தில் நின்றவள் நான். உன் மானத்தைக் காப்பாற்றுவது என் பொறுப்பு.

சித்தி


மார்ச் 9

அன்புள்ள ஆமைக்கு,

வீட்டில் இருவரும் நலம்தானே? இங்கே நலத்துக்கு என்ன குறைச்சல்.

சோதனை முடிந்தது. ஒருவர்கூடச் சோடை போகவில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் முப்பது பேரும் கார் நிறுத்துமிடத்தில் வரிசையில் நின்றோம். உன் சகா வந்து கேமராவைப் பொருத்துவதற்குள் ஒரு சுற்றுக் கை கால்களை உதறச் சொல்லிவிட்டேன். வக்கீலம்மா புது ஷூ வாங்கியிருந்தார். தபால்காரர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போன போக்கைப் பார்த்து உன் சகா வாயைப் பிளந்தாள். "சாதாரணமா நடந்தா போதும் சார்" என்றாள் பாவம். "இதுதாம்மா எனக்குச் சாதாரணம்" என்றார் அவர், மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல்.

நான் நடக்கவில்லை. யாராவது ஒழுங்குபடுத்த வேண்டாமா? என் இடத்தில் நாலாம் மாடித் தையல்காரரை நிறுத்திவிட்டேன்.

எத்தனை மார்க் என்று உடனே எழுது. எல்லாரும் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறார்கள்.

சித்தி


மார்ச் 24

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பற்றி அம்மா கேட்டாள். நான் இன்று வேறொன்று கேட்க வேண்டும்.

உங்கள் ஆட்களின் நடை வேகம் வந்திருக்கிறது. எங்கள் கல்லூரி மாணவர்களின் வேகத்தைவிட அதிகம். முதலில் கருவியில் கோளாறு என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து பதிவை முழுதாகப் பார்த்தேன். முப்பது பேரும் இடது காலைத்தான் முதலில் எடுத்துவைக்கிறார்கள். முப்பது பேரும் கைகளை ஒரே உயரத்துக்கு வீசுகிறார்கள். ஒவ்வொருவரும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு விசில் சத்தம் கேட்கிறது. சித்தி, அந்த விசிலை எனக்குத் தெரியும். அது என்னை ஆறாம் வகுப்பிலிருந்து துரத்திய விசில்.

என்ன செய்தீர்கள்?

என் பேராசிரியருக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்துப்போயிற்று. போக்குவரத்துத் துறைப் பொறியாளருக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. "வயசானவங்களே இந்த வேகத்துல போறாங்க, அப்புறம் எதுக்கு இருபத்திரண்டு விநாடி? பதினெட்டு தாராளம்" என்கிறார். குறைக்கிற நாலு விநாடியை வண்டிகளுக்குக் கொடுக்கலாமாம். அறிக்கையைக் கேட்டு நெருக்குகிறார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் ஆமை


ஏப்ரல் 2

அன்புள்ள ஆமைக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன், சண்டை போட்டாலும் முறை முறைதான்.

என்ன செய்தேன் என்றா கேட்கிறாய்? தயார் செய்தேன். பரீட்சை என்று தெரிந்த பிறகு பிள்ளைகளைத் தயார் செய்யாத டீச்சர் உலகத்தில் உண்டா? மூன்று வாரம் காலையும் மாலையும் கார் நிறுத்துமிடத்தில் நடக்கவிட்டேன். தையல்காரருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. வக்கீலம்மா படியேறும்போது இப்போதெல்லாம் யாரையும் திட்டுவதில்லை. நீ என்னடாவென்றால் கையும் களவுமாகப் பிடித்தவள் மாதிரி எழுதுகிறாய். அவர்களைப் பார்த்து எவரும் "பாவம், வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள். உனக்காக நடந்தார்கள்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் உட்கார்கிறேன்.

பதினெட்டு விநாடி என்று நீ எழுதியதை மறுபடி படித்தேன். இருபத்திரண்டே போதவில்லை. இங்கே ஒருத்தி இருக்கிறாள். பெயர் எதற்கு. தினமும் டிவைடர் வரைக்கும்தான் அவளால் போக முடிகிறது. அதற்குள் சிவப்பு விழுந்துவிடும். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் பறக்க, அந்த ஒன்றரை முழ மேடையில் நின்று, வேடிக்கை பார்க்க வந்தவள்போல் முகத்தை வைத்துக்கொள்வாள். லாரி போகும்போது அடிக்கிற காற்றில் உடம்பு ஆடும். பதினெட்டு ஆக்கினால் டிவைடருக்கே போய்ச்சேர மாட்டாள். அப்புறம் அந்தப் பக்கம் என்பது அவளுக்குக் கிடையாது.

மார்க் வாங்கிக் கொடுக்கிறேன் என்று அவள் தலையில் மண்ணைப் போட்டிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருக்கிறது. அந்தக் கணக்கைத் தூக்கிக் குப்பையில் போடு. மறுபடி என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

சித்தி


ஏப்ரல் 12

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருக்கிறேன், திட்டு வாங்கிய களைப்பைத் தவிர. உங்கள் உடம்பையும் முழங்காலையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பதிவு அத்தனையையும் திரும்பப் பெறுவதாகப் பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "விசில் அடிச்சா என்ன, நடந்தது நிஜம்தானே" என்றார். நடந்தது நிஜம், ஆனால் யாரும் மருந்துக் கடைக்கு அப்படி நடந்து போவதில்லை என்றேன். அரைமணி நேரம் பேசினார், என் ஆராய்ச்சிப் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று பயமுறுத்தினார். நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் மறுபடி பதிவு செய்ய இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்.

இந்தத் தடவை சிக்னலிலேயே கேமரா வைக்கிறோம். அதில் பதிவாகிறவர்கள் முகத்தைக் கணினி அழித்துவிடும். உடம்பையும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் சிலேட்டில் வரைவதுபோல் கோடுகளாலான குச்சி உருவமாக மாற்றிவிடும். கோடு நடக்கும், நிற்கும், கை வீசும். தலைக்கு மேல் ஆளுக்கொரு எண் இருக்கும், யார் என்று தெரியாது. ஆனால் திருட்டுத்தனமாக எடுக்க முடியாது. எல்லாரிடமும் சொல்லி, மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். சொல்லிவிட்டால் மறுபடி அணிவகுப்பு நடை நடப்பார்கள். இதற்கு என்ன வழி என்று எங்கள் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. மனிதர்களைத் தயார் செய்யத் தெரிந்த உங்களுக்கு, தயாரானதை மறக்கவைக்கவும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தத் தடவை நீங்களும் நடக்க வேண்டும், சித்தி. ஒழுங்குபடுத்த ஆள் வேண்டாம்.

உங்கள் ஆமை


மே 10

அன்புள்ள ஆமைக்கு,

உடம்பு, முழங்கால், மனசு எல்லாம் நலம். உன் அம்மாவுக்குத் தும்மல் நின்றதா?

வழி கண்டுபிடித்துவிட்டேன். உடற்பயிற்சி வகுப்பைச் சாலைக்கு அந்தப் பக்கம், பூங்காவுக்கு மாற்றிவிட்டேன். கார் நிறுத்துமிடத்தில் தூசி என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை. முப்பது பேரிடமும் கேமராவைக் காட்டி, கையெழுத்து வாங்கி, உன் சகாவிடம் அனுப்பிவிட்டேன். இனி தினமும் போக வேண்டும், தினமும் வர வேண்டும். எத்தனை நாள் ஒருவரால் கேமராவுக்காக நடக்க முடியும்?

முதல் மூன்று நாள் நீ சொன்னபடியே ஆயிற்று. தபால்காரர் கம்பத்தைப் பார்த்துச் சலாம் வைக்காத குறை. நாலாம் நாள் தையல்காரருக்கும் அவருக்கும் ஓய்வூதியம் பற்றி ஒரு வாக்குவாதம் மூண்டது. சாலை நடுவில் நின்று ஒருவர் மார்பில் ஒருவர் விரலால் குத்திப் பேசிக்கொண்டார்கள். அன்றோடு கேமரா எல்லாருக்கும் மறந்துபோயிற்று. இப்போது வக்கீலம்மா கையில் பையோடும் காதில் போனோடும் வருகிறார். புது ஷூவைக் கழற்றிவைத்துவிட்டுப் பழைய செருப்புக்கே திரும்பிவிட்டார். வழியில் நின்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். உன் குச்சி உருவங்கள் இதையெல்லாம் செய்கின்றனவா?

விசிலைப் பூங்காவுக்குள் போன பிறகுதான் எடுக்கிறேன். பெரும்பாலும்.

நானும் கடக்கிறேன். எல்லாரோடும் சேர்த்து என்னையும் எண்ணிக்கொள். நான் கடைசியாக வருகிறேன், வகுப்புக்கு டீச்சர் கடைசியில் வருவதுதான் ஒழுங்கு.

சித்தி


ஜூன் 14

அன்புள்ள ஆமைக்கு,

நலம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பதிவுகள் வந்து சேர்ந்துவிட்டதாக உன் சகா சொன்னாள். நீ பார்த்துவிட்டாயா? ஏன் எழுதவில்லை?

இங்கே எல்லாம் எப்போதும்போல்.

சித்தி


ஜூன் 29

அன்புள்ள சித்திக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பார்த்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் பல தடவை எழுதிக் கிழித்தேன்.

உங்கள் ஆட்கள் இந்தத் தடவை உண்மையாக நடந்திருக்கிறார்கள். வாக்குவாதம், செருப்பு வார், பை எல்லாம் இருக்கிறது. ஆனால் பதினேழாம் எண்ணுக்குக் கணினி மூன்று கால் போட்டிருக்கிறது. முதலில் பிழை என்றுதான் நினைத்தேன். ஒரு நாளைக்கு அல்ல, எல்லா நாளும் மூன்று கால். பிறகு புரிந்தது. கைத்தடியைக் கால் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

அந்த உருவம் எல்லாருக்கும் பின்னால் இறங்குகிறது. மற்றவர்கள் அந்தப் பக்கம் போய்ச்சேர்ந்த பிறகு, டிவைடரில் தனியாக நிற்கிறது. தினமும். ஒருநாள் மழையிலும் நின்றது. வண்டிகள் நெருக்கி வரும்போது மூன்றாவது காலை உடம்பில் சாய்த்துவிட்டு, இடது கையை உள்ளங்கை தெரிய நீட்டி உயர்த்துகிறது, வலது கை வாய்க்குப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மைதானத்தில் அப்படி ஒரு கை உயர்ந்தால் முந்நூறு பிள்ளைகள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். ஆனால் அப்படிக் கை உயர்த்துகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். பங்கேற்பவர் யார் என்று கண்டுபிடிக்க நான் முயலக் கூடாது என்பது விதி. நான் முயலவில்லை. கணினியை மூடிவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இப்போது சிக்கல் வேறு. பேராசிரியர் பதினேழை நீக்கச் சொல்கிறார். "மனுஷனுக்கு மூணு கால் இருக்குமா? சாஃப்ட்வேர் தப்பு, எடுத்துடு" என்கிறார். கைத்தடி என்று சொன்னேன். "ஊகம்" என்றார். பதினேழை எடுத்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் இரண்டு விநாடி கூட்டினால் போதும், பொறியாளர் உடனே ஒப்புக்கொள்வார். பதினேழு இருந்தால் பச்சை நேரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்க வேண்டும். நீக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறேன். பதினேழாம் எண்ணே முன்வந்து, பொறியாளர் பார்க்க, ஒரு தடவை கைத்தடியோடு நடந்து காட்டினால் யாரும் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. அதற்கு அவர் விரும்ப வேண்டும். நீங்கள் அவரிடம் கேட்க முடியுமா? விலகிக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன்.

பதினேழைப் பற்றி எங்கள் வீட்டில் நான் யாரிடமும் பேசவில்லை. பேசவும் மாட்டேன். விதி அப்படி. விதி இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தில் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் ஆமை


ஜூலை 19

அன்புள்ள ஆமைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அழக் கூடாது. அழுதால் கணக்குத் தப்பாகும்.

பதினேழாம் எண்ணோடு பேசினேன். லேசில் மசிகிற ஆள் இல்லை. இவ்வளவு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை, எனக்கே சகிக்கவில்லை. மூன்று வாரம் நாளைக்கு ஒரு காரணம் சொன்னாள்.

அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாளாம். கைத்தடியைப் பற்றித் தெரிந்தால் அடுத்த நாளே பெட்டியோடு வந்து நிற்பாளாம். அன்பினால்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இவளுக்கு இந்த வீடு வேண்டும். தன் சாவி, தன் ஜன்னல், காலையில் தன்னை நம்பி வருகிற முப்பது பேர் வேண்டும். அக்கா வீட்டில் சோபாவில் உட்கார்த்திவைத்து, தண்ணீர்கூடக் கையில் கொடுப்பார்கள். அதை நினைத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை "வேகமா, வேகமா" என்று விரட்டியவளாம். கடைசியாக வந்த பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்தவளாம். இப்போது ஊர் பார்க்க மெதுவாக நடந்து காட்டச் சொல்கிறாயே என்றாள். "நீ விலகிக்கிட்டா உன் எண் மட்டும் இல்ல, உனக்குப் பின்னால வரப்போற எல்லாரும் கணக்குலேருந்து அழிஞ்சு போவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அதையும் எழுதிவைக்கிறேன்.

வருவாள். தேதியைச் சொல்.

சித்தி


ஆகஸ்ட் 27

அன்புள்ள சித்திக்கு,

ஊர் திரும்பிவிட்டேன், நலம். அன்று உங்கள் எதிரில் நின்றும் நலம் விசாரிக்க முடியவில்லை. பொறியாளரும் பேராசிரியரும் பக்கத்தில் இருக்கும்போது, "வணக்கம் மேடம்" என்று நீங்கள் என்னிடம் சொன்ன தோரணை இருக்கிறதே, எனக்குச் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடிக்க வேண்டியிருந்தது. "வணக்கம்மா, உங்க எண் என்ன?" என்று நானும் கேட்டுவிட்டேன். வக்கீலம்மா எங்கோ வானத்தைப் பார்த்தார்.

நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள், இருந்தாலும் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பொறியாளர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "கொஞ்சம் தள்ளி நடை மேம்பாலம் இருக்கேம்மா, அதுல போகலாமே" என்றார். அதற்குப் பதினேழாம் எண், "வாங்க சார், சேர்ந்தே ஏறலாம். நான் மேல வந்து சேர்ற வரைக்கும் நீங்க காத்திருக்கணும்" என்றார். பொறியாளர் படிகளைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார், பேச்சை மாற்றினார். சரி, இங்கேயே நடப்போம், நானும் கூட வருகிறேன் என்று இறங்கினார்.

பதினேழாம் எண்ணின் வேகத்திலேயே அவரும் நடந்தார். டிவைடரை எட்டியதும் சிவப்பு விழுந்தது. இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். ஒரு லாரி அவர் முழங்கையை உரசுகிற மாதிரி போனது. பொறியாளர் விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க சார், அடுத்த பச்சை வரும். நான் தினமும் நிக்கிற இடம்தான்" என்று பதினேழாம் எண் அவரைத் தட்டிக் கொடுத்தது எனக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

திரும்பி வந்து அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. காரில் போகும்போது பேராசிரியர், "கணக்குல பதினேழு இருக்கட்டும்" என்றார். அறிக்கை போய்விட்டது. பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் சிக்னல் மாறுகிறது.

பதினேழாம் எண்ணிடம் நான் சொல்ல முடியாததை நீங்கள் சொல்லுங்கள். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நிமிர்ந்து யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் ஆமை


செப்டம்பர் 30

அன்புள்ள ஆமைக்கு,

நான் நலம். முழங்கால் நலமில்லை. டிசம்பரில் நடுச்சாலையில் விழுந்தேன். அன்றிலிருந்து கைத்தடி. எழுதிவிட்டேன், போதுமா?

உன் அம்மாவுக்கும் இதையே எழுதினேன். சிக்னல் மாறிய அன்று எழுதினேன், அதற்கு முன் துணிவு வரவில்லை. எழுதிய மூன்றாம் நாள் மூன்று காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே கைத்தடியைப் பார்த்துவிட்டு, "எங்கிட்டக்கூட மறைச்சிட்டியே" என்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அலமாரியைத் திற" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது, மருந்துக் கடை வரைக்கும் போய்வந்து கட்டலாம் என்றேன்.

சாலையைப் பார்த்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. பச்சை வந்தது. "சீக்கிரம் வா, சீக்கிரம்" என்று இழுத்தாள்.

"கையை விடு அக்கா. மெதுவா வா" என்றேன்.

முப்பத்தைந்து வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. சொன்னதும் எனக்கே வாய் இனித்தது. விட்டாள், ஆனால் பக்கத்திலேயே வந்தாள். டிவைடரைத் தாண்டினோம். நான் அங்கே நிற்கவில்லை. அந்தப் பக்கம் ஏறிய பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் பச்சையாவே இருக்கு?"

"இருக்கும்."

"யாருக்காக இவ்வளவு நேரம் வெச்சிருக்காங்க?"

"பதினேழாம் எண் வந்து சேர்றதுக்காக."

"அது யாருடி?"

சொல்லக் கூடாது, விதி இருக்கிறது என்றேன். என்னையும் கைத்தடியையும் சிக்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது என் கையைப் பிடிக்கவில்லை. அலமாரியைப் பற்றியும் பேசவில்லை. நாலு நாள் இருந்தாள், தினமும் காலையில் பூங்காவுக்கு வந்து என் வகுப்பில் கடைசி வரிசையில் நின்று கையைக் காலை ஆட்டினாள். மூட்டு ரொம்ப இறுக்கம். அங்கே நீ அவளை நடக்கவை.

இன்று காலை ரயிலேற்றிவிட்டு வந்தேன். மூன்று பெட்டிகளும் கொண்டுவந்த மாதிரியே காலியாகத் திரும்பி வருகின்றன. வண்டியிலிருந்து இறக்க நீ போக வேண்டியதில்லை, கனமே இருக்காது.

மூத்த ஆமை,
உன் சித்தி